பின்தொடர்ந்தவன் கையில் ஒரு கடிதம்

மலையெல்லாம் தன் இருப்பிடமாகக் கொண்ட இறைவன் காக்க.

அன்பு மகனுக்கு,

மேட்டுத் தெருக்களைச் சுற்றிப் பார்க்கவே இந்நகருக்கு வந்தேன்; வேறு காரணமில்லை. மூன்று நாளாக ஒருவன் என்னைப் பின்தொடர்கிறான். படிக்கட்டில் நான் மூச்சு வாங்க நின்றால், அவனும் நின்று செருப்பு வாரைச் சரிசெய்கிறான். திருடன் என்றே எண்ணிப் பையை மார்போடு அணைத்துக்கொண்டேன்.

உன் வீட்டு நீலக் கதவும் வழியில்தான் இருந்தது. ஏழாண்டுகளுக்கு முன் உன் வாசற்படி மிதியேன் என்று சூளுரைத்தவன் நான்; எதிர்ப்புறமாகவே நடந்தேன்.

இன்று திரும்பி நின்று கேட்டேன்: "யாருப்பா நீ? எதுக்கு வால் மாதிரி பின்னாடியே வர்றே?"

"சும்மா நடக்க வந்தேங்க" என்றவன், கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "பெரியவரே, பத்து மணியாச்சு. நெஞ்சுவலி மாத்திரை போட்டீங்களா?" என்றான்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதைதான். நான் மாத்திரை போடும் வேளை உன் அம்மாவுக்கு மட்டுமே தெரியும். அவள் உன்னிடம்தான் சொல்லியிருப்பாள்.

இக்கடிதத்தை அவனிடமே கொடுத்தனுப்புகிறேன். நாளை அவன் வேண்டாம், நீ வா. சாத்திர நூல்களிலெல்லாம் தேடிப் பார்த்துவிட்டேன். மகனே கைப்பிடித்து வாசற்படி ஏற்றினால் அந்தச் சூள் பழுதாகாது.

நீயும் மருமகளும் குழந்தைகளும் குறைவின்றிப் பல்லாண்டு வாழ்க.

உன் அப்பா