கழற்றிவைத்த தகடு

யட்டியாந்தோட்டை
12.10.2025

அன்புள்ள மகன் கேதீசனுக்கு,

நீயும் தக்‌ஷிகாவும் வவுனியாவில் நலமாக இருப்பீர்கள். மாமியார் வீட்டுச் சாப்பாடு, அணைத்துவைத்த கைபேசி. நலத்துக்கு என்ன குறை? பதினொரு தடவை அழைத்துப் பார்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். சுரேந்திரன் மாஸ்டர் நாளை வவுனியாவுக்கு வருகிறார். உன் கையில் மட்டும் கொடுக்கும்படி சொல்லியிருக்கிறேன்.

முதலில் விஜயகலா. செவ்வாய்க்கிழமை பெக்டரியில் ரப்பர் உருட்டும் ரோலரில் அவள் கை அகப்பட்ட பிறகு நீ அவளைப் போய்ப் பார்க்கவில்லை. வலது கையில் இரண்டு விரல்கள் இல்லை. மூன்றாவதைக் காப்பாற்றலாம் என்று வைத்தியர்கள் நம்புகிறார்கள். நேற்று ஆஸ்பத்திரிக்குச் சூப் கொண்டுபோனேன். நான் அழுதுவிடுவேன் என்று பயந்தாளோ என்னவோ, “மோதிர வெரலு போச்சுங்கம்மா. இனி மோதிரம் கேக்க மாட்டேன்னு எங்க வீட்டுக்காரருக்குத்தான் சந்தோசம்” என்றாள். பக்கத்துக் கட்டில்காரி சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. பிறகு மெதுவாக, “சின்னையா எப்ப வருவாரு? அவருக்குத்தான் எல்லாம் தெரியும், அவரு சொன்னாச் சரி” என்றாள். உன்னை அவள் நம்புகிறாள் தம்பி. எனக்குச் சூப்பை ஊற்றிக்கொடுக்கக் கை வரவில்லை.

ஏனென்றால் அதற்கு முதல் நாள் தோட்டத்துப் பெரிய துரை என்னை வரச்சொல்லி, நீ ஊருக்குப் போகுமுன் கையெழுத்திட்ட அறிக்கையை வாசித்துக் காட்டினார். உன்னைப் பற்றி நான் கவலைப்படக் கூடாதாம், அதற்காக. ரோலரின் வாயை மறைக்கும் இரும்புத் தகடு அன்று காலை பூட்டியிருந்தது என்றும், வேலையைச் சுருக்குவதற்காக விஜயகலாவே அதைக் கழற்றினாள் என்றும் நீ எழுதியிருக்கிறாய். அந்தத் தகட்டுக்கு நான்கு போல்ட். அதற்குரிய ஸ்பேனர் மெஷின் பார்க்கும் இருளப்பனின் இடுப்பைவிட்டு இறங்காது. விஜயகலா என்ன, பல்லாலா கழற்றினாள்?

வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்குத் தொழில் திணைக்களத்தார் விசாரணைக்கு வருகிறார்கள். உன் அறிக்கை நின்றால் குற்றம் அவளுடையது. நட்டஈடும் இல்லை, வேலையும் இல்லை. இரண்டு பிள்ளைகள், எட்டு விரல்கள்.

எனக்குக் கோபம் அடங்கவில்லை. ரப்பர் பால் கழுவும் தரை வழுக்குகிறது, செருப்போடு நிற்க விடாதே என்று ஆனியிலேயே சொன்னேன். மெஷினை நிறுத்தும் சிவப்பு சுவிட்சுக்கு முன்னால் மூட்டை அடுக்காதே என்றும் சொன்னேன். “அம்மா, இது பெக்டரி, உங்கட குசினி இல்லை” என்றாய். செவ்வாய்க்கிழமை இருளப்பன் அந்த மூட்டைகளின் மேல் ஏறித்தான் சுவிட்சைத் தொட்டான். அதற்கு எடுத்த நேரத்தில்தான் இரண்டாவது விரல் போனது. என் குசினி அடுப்படியில் இன்றுவரை யாருக்கும் நகம்கூடப் பெயர்ந்ததில்லை.

தகடு எப்போது கழன்றது என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆயுத பூசையன்று. ஒவ்வொரு வருடமும் தகட்டின் மேலேயே சந்தனம் வைத்துவிடுவார்கள். இந்த வருடம்தான், “பூசை மெஷினுக்கா, மூடிக்கா? கழற்றிவிட்டு உருளைக்கே பொட்டு வையுங்கள்” என்று ஒருத்தி அதிகாரம் பண்ணினாள். கழற்றிய தகட்டைச் சும்மா வைக்கக் கூடாது என்று அதற்கும் ஒரு மாலை போட்டுச் சுவரில் சாத்திவைத்தாள். மாலை தானாக வாடும்வரை யாரும் கைவைக்கக் கூடாது என்றும் சொன்னாள். அந்த ஒருத்தி நான்.

வெள்ளிக்கிழமை மெஷின் ஓடத் தொடங்கியது. மாலை வாடவில்லை. இந்த மழையில் எது வாடும்? விபத்துக்குப் பிறகு இருளப்பனைக் கூப்பிட்டு ஏனடா பூட்டவில்லை என்று சத்தம் போட்டேன். “நீங்கதானேங்கம்மா தொடாதேன்னு சொன்னீங்க? சாமி குத்தமாயிடும்னு பயந்துட்டேங்க. சின்னையாவும் தெனமும் மெஷின் சோதனைத் தாள்ல கையெழுத்துப் போட்டாரு, பாத்துட்டுத்தான் போடுறாருன்னு நெனச்சேங்க” என்றான். கன்னியர் மடத்தில் படித்தவள், நாலு பேருக்கு முன்னால் தலையைக் குனிந்துகொண்டு வீட்டுக்கு வந்தேன்.

நீ பார்க்காமல்தான் கையெழுத்துப் போட்டாய் என்று எனக்குத் தெரியும். வெள்ளி, சனி, பௌர்ணமி லீவு கழித்துச் செவ்வாய், மூன்று நாளும் அந்தத் தாளில் ஒரே பேனாவால், ஒரே மூச்சில் போட்ட சரி அடையாளங்கள். அது சோம்பல். சோம்பலை மன்னிக்கலாம். அறிக்கை அப்படியல்ல. அதை நீ யோசித்து எழுதியிருக்கிறாய். என்னைக் காப்பாற்றத்தான் எழுதினாய் என்று தக்‌ஷிகா செய்தி அனுப்பியிருக்கிறாள். பூசையில் நான் சொன்னது வெளியே வந்தால் அப்பாவின் பெயர் கெடுமாம். அப்பா முப்பத்தொரு வருடம் இந்தத் தோட்ட அலுவலகத்தில் பெரிய கிளாக்கராக இருந்தவர். தன் பிழையைச் சிவப்பு மையால் வெட்டி, பக்கத்தில் கையெழுத்துப் போடுகிறவர். ஒரு தொழிலாளியின் கையை மறைத்துக்கொண்டு நிற்கிற பெயர் அவருக்கு வேண்டாம். எனக்கும் வேண்டாம்.

வியாழக்கிழமை நான் போகிறேன். என்னை யாரும் அழைக்கவில்லை. வாசலில் நின்றாவது சொல்லுவேன். என் பங்கை மட்டும் சொல்லுவேன். உன் பங்கைக் கேட்டால், அதை மகன் சொல்லுவான் என்று சொல்லப்போகிறேன். அந்த ஒரு வாக்கியத்தில் என்னைப் பொய்க்காரி ஆக்கிவிடாதே.

உன் உத்தியோகம் போகலாம். குவாட்டர்ஸைக் காலிபண்ணச் சொல்லலாம். சாமான்களைக் கட்ட எனக்கு இரண்டு நாள் போதும், பாத்திரங்களை இப்போதே கழுவிக் கவிழ்த்துவிட்டேன்.

தக்‌ஷிகாவைக் கோபிக்காதே. அவள் பெற்றோருக்கு என் வணக்கம். புதன்கிழமை மத்தியானத்துக்கு உனக்கும் சேர்த்து அரிசி போடுவேன். அவிசாவளையில் இறங்கினால் இரண்டாவது பஸ்ஸில் வரலாம்.

உன் பத்து விரல்களுக்கும் ஒரு குறையும் வராமல் முருகன் காக்கட்டும். வா, தம்பி.

அம்மா,
பத்மாசனி பரராசசிங்கம்