மாதுளைக்குக் குரல் கொடுத்தவன்

மார்ச் 4
இன்றும் துணி அலமாரிக்குள் தலையை நுழைத்துப் பேசிப் பதிவு செய்தேன். சட்டைகளுக்கு நடுவே எதிரொலி வராது. மானம் போவதும் வெளியே தெரியாது. வீடியோ சேனல்காரர் அனுப்பிய வாசகம்: “மருத்துவர்கள் மறைக்கும் ரகசியம்! தினம் ஒரு மாதுளை, ரத்தக் கொதிப்புக்கு டாட்டா!” ‘டாட்டா’வில் இன்னும் உருக்கம் வேண்டும் என்றார். குரல் கலைஞன் அல்லவா, உருகினேன்.

மார்ச் 11
மாமனார் வந்திருக்கிறார். கைபேசியில் என் குரல் முழங்க, தலையாட்டிக் கேட்கிறார். கல்யாணமான நாளிலிருந்து நான் சொன்ன எதற்கும் ஆடாத தலை! அது நான்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. அந்தக் குரலுக்காவது மரியாதை கிடைக்கட்டுமே.

மார்ச் 12
மாமனாருக்கு மாதுளை உரித்தேன். சட்டையெல்லாம் கறை.

மார்ச் 19
குளியலறை வாசலில் மாமனார் சுவரைப் பிடித்தபடியே சரிந்துவிட்டார். மனைவி அலறினாள்: “அப்பா பிரஷர் மாத்திரையையே நிறுத்திட்டாராம்ங்க! பழமே போதும்னு எவனோ வீடியோல சொன்னானாம்!”

அந்த எவனோ நான்தான். ஐயோ, என்ன காரியம்டா பண்ணி வச்சிருக்க?

ரத்த அழுத்தம் பார்த்த டாக்டரம்மாவின் முகம் மாறியது. “இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா பக்கவாதமே வந்திருக்கும். பழம் நல்லதுதான், தினமும் சாப்பிடுங்க. ஆனா அது சாப்பாடு, மருந்து இல்ல.”

இவ்வளவுதான் விஷயம். இதை யாரும் எனக்கு வாசிக்கக் கொடுத்ததில்லை.

மார்ச் 21
மாமனார் எழுந்து உட்கார்ந்தார். “மாமா, அந்த வீடியோல பேசினது…” என்று இழுத்தேன்.

“நீங்கதான் மாப்ள. வாயத் தொறந்ததுமே தெரிஞ்சிடுச்சு.”

“தெரிஞ்சுமா நம்பினீங்க?”

“தெரிஞ்சதாலதான் நம்பினேன். வேற எவனாவது சொல்லியிருந்தா கேட்டிருப்பேனா?”

இத்தனை வருடம் ஏங்கிய மரியாதை. கையில் வாங்கிக்கொண்டு அங்கே நிற்க முடியவில்லை. சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன்.

மார்ச் 22
சேனல்காரரிடம் இனி முடியாது என்றேன். “பப்பாளி ரெடியா இருக்கே சார்!” என்கிறார். மாதுளை வீடியோவையும் நீக்க மாட்டாராம்— நன்றாக ஓடுகிறதாம். ஓடட்டும் என்று விட முடியுமா? அதன் கீழேயே என் பெயரில் எழுதினேன்: ‘பேசியவன் நான். மாத்திரையை நிறுத்தாதீர்கள்.’ அழித்துவிட்டார். மறுபடி எழுதினேன்.

ஏப்ரல் 9
புது வேலை, லிஃப்டுக்குக் குரல். “கதவு மூடுகிறது.” மூடுகிறது! வாழ்க்கையில் முதல் தடவையாக நான் சொன்னது அப்படியே நடக்கிறது.

சாப்பிட்டதும் மாமனார் மாத்திரையைப் போட்டுக்கொண்டு, மாதுளைக் கிண்ணத்தை என் பக்கம் தள்ளினார். “இது எதுக்கு நல்லது மாப்ள?” கேட்டுவிட்டு என் முகத்தையே பார்த்தார்.

“பசிக்கு, மாமா” என்றேன்.

தலையாட்டினார்.