நாலு மீட்டருக்குக் கீழேயும் போன வேர்

அன்புள்ள பாப்பாவுக்கு, அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம், என் இடது முழங்காலை மட்டும் அந்தக் கணக்கில் சேர்க்காதே. நீயும் மாப்பிள்ளையும் நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்கினால் எனக்கு அதுவே போதும். கொஞ்சம் மண் சரிந்தது என்று போனில் சொன்னேன் அல்லவா, அது பொய். வாயால் சொன்னால் நீ நடுவில் அழுவாய், எனக்கும் பேச்சு வராது, அதனால்தான் எழுதுகிறேன்.

நம் வீட்டு வரிசைக்குப் பின்னால் இருக்கும் பாறைச் சரிவை ரோடு அகலப்படுத்த வெட்டுகிறோம், மண் அள்ளும் இயந்திரத்தை நான்தான் ஓட்டுகிறேன். புல்லெல்லாம் கருகிப்போன அந்தச் சரிவில் கிலுகிலுப்பைச் செடி மட்டும் பச்சையாக இருந்தது. முழங்கால் உயரம், ஊதாப் பூ, காய்ந்த காயைக் குலுக்கினால் விதை சலசலக்குமே, அதுதான். அன்றைக்குச் சரிவு முழுக்கப் பூ. மேலே எப்படி இருக்கிறது என்று மேற்பார்வையாளர் போனில் கேட்டார். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இல்லாமல், "நல்லா களையா இருக்கு சார்" என்றேன். நான் சொன்னது அழகை, அவர் காதில் விழுந்தது புல்பூண்டு. "களையா இருந்தா வழிச்சுத் தள்ளுங்க" என்று சொல்லி வைத்துவிட்டார். திரும்பக் கூப்பிட்டு விளக்கியிருக்கலாம். இந்த வயதில் பூவைப் பற்றிப் பேசுவதா என்று வெட்கப்பட்டு, பேசாமல் வழித்தேன். பாதி முடிந்தபோது இயந்திரத்தின் எண்ணெய்க் குழாய் வெடித்து வேலை நின்றது. நம் வீடுகளுக்கு நேர் மேலே இருந்த பாதி அப்படித்தான் தப்பியது.

மூன்றாம் நாள் பெருமழை. நான் வழித்த பக்கம் அப்படியே இறங்கி, சரிவுக்கு அடியில் இருந்த எங்கள் வேலைப் பட்டறையை மூடிவிட்டது, எங்கள் வெல்டர் உள்ளே இருந்தார். கையால் தோண்டி எடுத்தோம். காலில் இரண்டு இடத்தில் முறிவு, உயிர் தப்பியது பெரிய விஷயம். செடி நின்ற பக்கத்தில் ஒரு கூடை மண்கூட விழவில்லை, பாப்பா. மழை விட்டதும் போய்ப் பார்த்தேன். சரிந்த இடத்தின் ஓரத்தில் ஒரே ஒரு செடியின் வேர் மேலிருந்து கீழ்வரை வெளியே தெரிந்தது. டேப்பை வைத்து அளந்தேன், நாலு மீட்டர், அதற்கும் கீழே பாறை இடுக்குக்குள் போய்க்கொண்டே இருந்தது. இடுக்கு குறுகுகிற இடத்தில் வேர் நாடாபோலத் தட்டையாகி நுழைந்து, அந்தப் பக்கம் மறுபடியும் உருண்டு தடித்திருந்தது. முப்பத்தோரு வருடமாக மண்ணைத் தோண்டுகிறவன் நான், மண்ணைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது என்று அங்கேதான் தெரிந்தது. இழுத்துப் பார்த்தேன், அசையவில்லை. ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன்.

இப்போது ஆபீஸிலிருந்து ஒரு காகிதம் வந்திருக்கிறது. மழையால் மட்டுமே சரிந்தது என்று நான் கையெழுத்துப் போட வேண்டுமாம். போட்டால் எனக்கு ஒரு தொல்லையும் இல்லை, ஆனால் அடுத்த வாரமே மிச்சப் பாதியையும் வழிக்கச் சொல்வார்கள். கீழே ஒன்பது வீடு இருக்கிறது. வழித்ததால்தான் சரிந்தது, வழித்தவன் நான் என்று எழுதிக் கொடுத்தால் அந்தப் பக்கத்தில் யாரும் கை வைக்க முடியாது, ஆனால் என் வேலை போய்விடும். ஓய்வு பெற இன்னும் ஏழு மாதம்தான். உன் பிரசவத்துக்கு இருவரும் வருகிறோம் என்று சொல்லியிருந்தோமே, அதுவும் ஒருவேளை நடக்காமல் போகலாம், அம்மாவை மட்டுமாவது எப்படியும் அனுப்பிவைக்கிறேன். நேற்று ஆஸ்பத்திரிக்குப் போய் வெல்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அது நியாயம்தான்.

நீ நல்லபடியாகப் பெற்றெடுத்து நூறாண்டு வாழ வேண்டும். இரும்புச்சத்து மாத்திரையை மறக்காதே, மாடிப்படியில் பிடித்துக்கொண்டு இறங்கு. திட்ட வேண்டுமென்றால் என்னையே கூப்பிட்டுத் திட்டு, அம்மாவிடம் கேட்காதே, அவளுக்கு இன்று மாலைதான் சொல்லப்போகிறேன். வழித்தவன் நான் என்று இன்று காலையே எழுதிக் கொடுத்துவிட்டேன்.

என்றும் உன் நலம் நாடும்,
அப்பா