உன் வாசலில் இரண்டு பனிவண்டிகள்

ஐலா,

நம் வீட்டில் நீ விட்டுப்போன உன் பனிவண்டியைக் கொண்டுவரச் சொல்லி எழுதியிருந்தாய். கொண்டுவந்துவிட்டேன். ஏழு மணி நேர ஓட்டம். ஏரிக்கரைச் சாலை நெடுகப் பக்கக் காற்று. அந்த மூடிய டிரெய்லர், பிக்கப் வண்டியின் வாலைப் பிடித்து ஆட்டிக்கொண்டே வந்தது. தோள் இரண்டும் விட்டுப்போயிற்று.

கட்டு தளர்ந்திருக்கிறதா என்று வழியில் பின்கதவைத் திறந்தபோது, பெட்ரோல் பங்க் லெம்பி எட்டிப் பார்த்துவிட்டாள்.

“அவ தன்னோடதைத்தானே கேட்டா? உன்னோடதை எதுக்குய்யா ஏத்திட்டுப் போற?”

“ஒண்ணை மட்டும் ஏத்தினா டிரெய்லர் ஆடும்.”

“முப்பது வருஷமா இழுக்கிற. நடுவுல வச்சுக் கட்டத் தெரியாதா உனக்கு? போய்யா!”

தெரியும். காப்பியை வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

நீ வேலைக்குப் போயிருந்தாய். டிரெய்லரைக் கழற்றி உன் வாசலில் நிறுத்தியிருக்கிறேன். உன்னுடையது முன்னால், என்னுடையது பின்னால், எப்போதும் போல. இதை உன் கதவிடுக்கில் செருகிவிட்டு, எதிர்த்த சாப்பாட்டுக் கடையில் போய் உட்காரப்போகிறேன். கடை மூடும்வரை அங்கேதான் இருப்பேன்.

உன்னுடையதை மட்டும் இறக்க வேண்டுமா, இரண்டையுமா என்று வந்து சொல்.

இனி ஓட்டத் தெம்பில்லாத,
நான்