இரண்டாம் பக்கத்துத் திருத்தம்

ஏப்ரல் 4

முதலில் ஒரு மன்னிப்பு. பட்டம் வாங்கியபோது அப்பா கொடுத்த நோட்டு இது. "பெருசா ஏதாவது எழுது" என்றார். எழுத என்னிடம் பெரிதாக ஒன்றுமில்லை. மற்றவர்கள் எழுதியதில் பிழை திருத்துவதும் தலைப்பு போடுவதும்தான் என் வேலை. சும்மா கிடக்கிறதே என்று கிறுக்குகிறேன்.

இன்று பேஸ்பால் சீசனின் முதல் ஆட்டம் நடந்திருக்க வேண்டும். அப்பா வழக்கம்போல வெள்ளைத் தொப்பியை மாட்டிக்கொண்டு சமையலறையில் உட்கார்ந்திருந்தார். போக இடமில்லை. இருபத்தாறு வருடமாக ஸ்டேடியத்தில் கடலைப் பொட்டலம் விற்கிறார். படிக்கட்டில் நின்றபடியே இருபது வரிசை தாண்டி, கேட்டவர் மடியில் விழும்படி வீசுவார்.

"விளையாடுறதுக்குக் கோடி கோடியா குடுக்கறாங்க. அதுக்கும் மாட்டேங்கறானுங்க, பாரு" என்றார்.

ஆட்டக்காரர்கள் மாட்டேன் என்று சொல்லவில்லை. புது ஒப்பந்தம் வரும்வரை பழையபடியே ஆடுகிறோம் என்றார்கள். சம்பளத்துக்கு உச்சவரம்பு வைப்போம், ஒத்துக்கொண்டால்தான் திறப்போம் என்று அணி முதலாளிகள்தான் நாடு முழுக்க மைதானங்களைப் பூட்டினார்கள்.

அதை அப்பாவிடம் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை?

ஏப்ரல் 5

என் முதல் முதல்பக்கத் தலைப்பு. "ஆட்டக்காரர்கள் பிடிவாதம், வாயில் மூடல்."

ஆசிரியர் பிரெண்டிஸ் எழுத்தை எண்ணிப் பார்த்தார். பக்கத்தில் விட்டிருந்த இடத்துக்குக் கச்சிதமாகப் பொருந்தியது. "நல்லா இருக்கு, ஹுடாக்" என்றார். வேலைக்குச் சேர்ந்த ஐந்து மாதத்தில் அவர் என்னிடம் பேசிய மூன்றாவது வாக்கியம். ஆறாவது மாதம் முடிந்தால்தான் வேலை நிரந்தரம். முகமெல்லாம் சூடாகிவிட்டது.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம். வெட்டி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவிட்டார்.

ஏப்ரல் 9

இதை எங்காவது எழுதி வைக்க வேண்டும்.

எங்களுடையது மாலைப் பத்திரிகை. காலை பத்து மணிக்குப் பக்கம் மூடிவிடும். நம் ஊர் அணியின் முதலாளி ஸ்டோடார்டின் அலுவலகத்திலிருந்து ஆறு மணிக்கே அறிக்கை வந்துவிடுகிறது, அழகாகத் தட்டச்சு செய்து. கூடவே ஒரு பெட்டி டோனட். ஆட்டக்காரர்களின் சங்கம் நிருபர்களைச் சந்திப்பது மதியம் இரண்டு மணிக்கு. அதற்குள் எங்கள் பத்திரிகை தெருவுக்கு வந்திருக்கும்.

நிருபர் ஹாஸ்கெல் சர்க்கரைத் தூள் ஒட்டிய விரலால் என் மேசையில், எந்தச் சொல் யாருக்கு என்று எழுதியிருந்த தாளைத் தட்டினார். "இதைப் பார்த்துக்கோம்மா. முதலாளிங்க 'சலுகை தர முன்வருவாங்க'. ஆட்டக்காரங்க 'கோரிக்கை வைப்பாங்க', இல்லன்னா 'பிடிவாதம் பிடிப்பாங்க'. மாத்தாத."

"ரெண்டு பேரும் ஒரே மேசையிலதானே சார் உக்காந்திருக்காங்க?"

இதைக் கேட்டேன் என்று எழுத ஆசைதான். கேட்கவில்லை. டோனட் ஒன்று எடுத்துக்கொண்டேன்.

ஏப்ரல் 10

நேற்றைய டோனட் ஆப்பிள் போட்டது. நன்றாகத்தான் இருந்தது.

ஏப்ரல் 17

இன்று மைதானத்து விற்பனைக்காரர்களின் சங்கக் கூடத்துக்கு ரே கால்டர் வந்தாராம். நம் அணியில் பந்து பிடிக்கும் இரண்டாம் கேட்சர், பாதி நாள் பெஞ்சில் உட்காருகிறவர். வேலை இல்லாமல் இருக்கிறார்களே என்று எல்லோருக்கும் சாண்ட்விச் வாங்கி வந்திருக்கிறார். "நாங்க நிறுத்தலைங்க. பூட்டு எந்தப் பக்கம் தொங்குதுன்னு போய்ப் பாருங்க" என்று ஆரம்பித்திருக்கிறார்.

அப்பா எழுந்து சட்டைப்பையிலிருந்து என் தலைப்பை எடுத்து உரக்க வாசித்திருக்கிறார். ஃபிரிட்ஜில் இருப்பது போக இன்னொரு பிரதி வைத்திருக்கிறார் போல.

"எம் பொண்ணு எழுதினது தம்பி. காலேஜ் படிச்சவ. அவ பொய் எழுதுவாளா, இல்ல நீ சொல்றது பொய்யா?"

கூடமே கைதட்டியதாம். கால்டர் சாண்ட்விச்சை வைத்துவிட்டுப் போய்விட்டார். யாரும் தொடவில்லையாம்.

இதைச் சிரித்துச் சிரித்துச் சொன்னார். நான் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தேன். தோலோடு பாதிக் கிழங்கும் போய்விட்டது. ஐயோ அப்பா, எதுக்கு அங்க போய் என் பேரைச் சொன்னீங்க —

ஏப்ரல் 18

வேலை முடிந்து மைதானத்து வாசலைத் தாண்டி நடந்து வந்தேன். பூட்டு உள்பக்கம் தொங்குகிறது.

ஏப்ரல் 24

இன்று ஒரு தவறு செய்தேன்.

வழக்கமான செய்திதான். உச்சவரம்பை ஏற்கும்வரை கதவு திறக்காது என்று முதலாளிகள். பழைய ஒப்பந்தப்படியே நாளைக்கே ஆடத் தயார் என்று ஆட்டக்காரர்கள், அதுவும் பதினாறாம் பத்தியில். பத்து மணிக்கு நான்கு நிமிடம் இருந்தது. அந்த வாக்கியங்கள் கேட்ட சொற்களைக் கை போட்டுவிட்டது.

"முதலாளிகள் கோரிக்கை, ஆடத் தயார் என முன்வந்தனர் ஆட்டக்காரர்கள்."

எழுத்து எண்ணிக்கை சரியாக இருந்தது. அதனால் யாரும் படிக்கவில்லை. பக்கம் போய்விட்டது.

கை தவறிவிட்டது என்றே வைத்துக்கொள்கிறேன். இந்த நோட்டிலும்.

ஏப்ரல் 25

காலை ஆறு மணிக்கு அறிக்கை வந்தது. டோனட் வரவில்லை. அலுவலகம் முழுக்க விஷயம் புரிந்துவிட்டது.

பிரெண்டிஸ் என்னைக் கூப்பிட்டார். போன் காதிலேயே இருந்தது, மறுமுனையில் ஸ்டோடார்டின் ஆள்.

"யார் போட்டது?"

"நான் சார்."

"ஹாஸ்கெல் காட்டின தாளைப் பார்க்கலையா?"

"பார்த்தேன் சார். மாத்திப் போட்டுட்டேன்."

"ஸ்டோடார்ட் கேக்கறாரு, நான் என்னிக்குய்யா கோரிக்கை வெச்சேன், நான் என்ன கூலிக்காரனாங்கறாரு. ரெண்டு சொல்லும் இடம் மாறிடுச்சுன்னு ஒரு திருத்தம் எழுது. தெளிவா எழுது. இன்னிக்கே."

தெளிவாகவே எழுதினேன். முதல் வரியைப் பார்த்தார், கடைசியில் வருத்தம் இருக்கிறதா என்று பார்த்தார். போனில் "ஆமாங்க, போட்டாச்சுங்க" என்றபடியே கையெழுத்துப் போட்டார்.

ஏப்ரல் 26

நேற்றைய இரண்டாம் பக்கத்திலிருந்து வெட்டி இங்கே ஒட்டுகிறேன்.

"திருத்தம்: ஆட்டக்காரர்கள் சம்பள உச்சவரம்பை ஏற்கும்வரை மைதானத்தைப் பூட்டியே வைப்பது முதலாளிகளின் கோரிக்கை என்றும், பழைய ஒப்பந்தப்படியே ஆட ஆட்டக்காரர்கள் முன்வந்துள்ளனர் என்றும் நேற்று வெளியாகியிருந்தது. பூட்டியே வைப்பது முதலாளிகள் வழங்கும் சலுகை என்றும், ஆடுவோம் என்பது ஆட்டக்காரர்களின் பிடிவாதம் என்றும் இருந்திருக்க வேண்டும். தவறுக்கு வருந்துகிறோம்."

காலையிலிருந்து போன் ஓயவில்லை. எதிர்த்தெரு முடிதிருத்துபவர் கண்ணாடியில் ஒட்டியிருக்கிறாராம். ஒரு பெண்மணி, "எங்க வீட்டுக்காரரும் பத்து வருஷமா எனக்கு இப்படித்தான் சலுகை குடுக்கறாரு" என்று சொல்லி வைத்துவிட்டார்.

ஹாஸ்கெல் வந்து என் மேசையில் சாய்ந்தார். "தெரிஞ்சு பண்ணினியா?"

"சொன்னபடி எழுதினேன் சார்."

திருத்தத்தை இன்னொரு முறை படித்தார். பிறகு சத்தமில்லாமல் தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

பிரெண்டிஸ் கோபத்தில் இருக்கிறார் என்று பயந்தபடி இருந்தேன். பதினோரு மணிக்கு ஸ்டோடார்ட் அலுவலகத்திலிருந்து ஆள் வந்தார். உடனே திருத்தம் போட்டதற்கு நன்றியாம். இரண்டு பெட்டி டோனட்.

ஏப்ரல் 27

அப்பா திருத்தத்தைப் பார்க்கவில்லை. "ரெண்டாம் பக்கத்தை யாரும்மா படிக்கறா?" என்றார்.

மே 11

முடிந்தது. முதலாளிகள் உச்சவரம்பைக் கைவிட்டார்கள். பழைய ஒப்பந்தத்தைக் கொஞ்சம் தட்டிக் கொட்டி இரு தரப்பும் கையெழுத்துப் போட்டன. திங்கட்கிழமை ஆட்டம்.

தலைப்பை ஹாஸ்கெலே போட்டார். "ஸ்டோடார்ட் பெருந்தன்மை, ஆட்டக்காரர்கள் பணிக்குத் திரும்புகின்றனர்."

எனக்கும் இன்றோடு ஆறு மாதம். பிரெண்டிஸ் கடிதத்தை நீட்டினார். "கவனமான பொண்ணு நீ. ஒரு தப்பு பண்ணின, உடனே திருத்திக்கிட்ட." வேலை நிரந்தரம்.

நன்றி சொன்னேன். வேறென்ன சொல்வது?

மே 14

அப்பா விடிந்ததும் எழுந்து சவரம் செய்து, கூடையின் தோல்வாருக்கு எண்ணெய் போட்டுத் துடைத்தார். போன சீசனுக்குப் பிறகு தோள் மறந்துபோயிருக்குமோ என்று உருட்டிய காலுறை ஒன்றை ஹால் மூலைக்கு வீசிப் பார்த்தார். நாற்காலி நடுவில் விழுந்தது.

"அந்தக் கால்டர் பய இன்னிக்குக் களத்துல நின்னா நான்தான் முதல்ல ஊளையிடுவேன்" என்றார். "எங்க ஆளுங்க எல்லாருக்கும் சொல்லி வெச்சிருக்கேன். எம் பொண்ணு பத்திரிகைல எல்லாத்தையும் விவரமா எழுதிட்டான்னு."

ஃபிரிட்ஜில் என் தலைப்பு ஓரம் மஞ்சளாகி ஒட்டியிருந்தது. 'பிடிவாதம்' என்ற சொல்லுக்கு மேல் காந்தம் வைத்திருந்தார்.

நான் இந்த நோட்டை எடுத்து வந்தேன். அதில் ஒட்டியிருந்த திருத்தத் துண்டை நகத்தால் மெதுவாகப் பெயர்த்தேன். கூடையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றவரிடம் நீட்டினேன்.

"என்னம்மா இது, இவ்வளவு சின்ன எழுத்து?" கண்ணாடியைத் தேடினார்.

"அப்பா, அந்தத் தலைப்பை எடுத்துட்டு இதை ஒட்டுங்க. இதையும் நான்தான் எழுதினேன். படிச்சுட்டுப் போங்க."