எந்த நைனா?

என் உயிரான நைனாவுக்கு,

நல்ல சேதி ஒன்றையாவது முதலில் சொல்லலாம் என்று பார்த்தேன். ஒன்றும் அகப்படவில்லை. வெள்ளானூர் வீடு போய்விட்டது. போன வாரம் இடித்துத் தள்ளினார்கள். மாட்டுக்கொட்டகைச் சுவர் மட்டும் லேசில் விழவில்லை, நீ கட்டியதாயிற்றே. அம்மா இப்போது ஆவடியில் என் குவார்ட்டர்சில்தான் இருக்கிறாள். என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

பக்கத்து வயல்களை வாங்கி மனை போட்டவன், நம் வீடு இருக்கும் இடமும் தன் பத்திரத்தில் அடக்கம் என்று வந்து நின்றானே, அன்று நீ எப்படிக் குதித்தாய்! தாலுகா ஆபீசில் நம்மைக் கேட்டது ஒன்றுதான். வெள்ளைக்காரன் காலத்துப் பதிவேட்டில் அந்த இடம் யார் பேரில் இருக்கிறதோ, அவருடைய வாரிசு நீதான் என்று காட்டு. காட்டினால் வீடு நமக்கு, இல்லையென்றால் அவனுக்கு.

பதிவேட்டைப் புரட்டினால் நம் இடத்துக்கு நேரே ஒரே ஒரு சொல். நைனா. தகப்பன் பெயர் கிடையாது, ஒன்றும் கிடையாது. உனக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்கணுமே. "சார், எங்க தாத்தாதான் சார் இது! அவர எல்லாரும் நைனா நைனான்னுதான் கூப்டுகினு இருந்தாங்க" என்று ஆபீசே திரும்பிப் பார்க்கும்படி கத்தினாய்.

அதிகாரி சிரித்துவிட்டார். "பெரியவரே, உங்க ஊர்ல அப்பனை நைனான்னு கூப்பிடாதவன் யாரு? இது எந்த நைனா?"

உன் தாத்தாவின் உண்மையான பெயர் உனக்குத் தெரியாது. மனை போட்டவனுக்கு இடத்தை விற்றதாகச் சொன்ன ஆளும் அடுத்த வாரமே வந்து, அந்த நைனா எங்க தாத்தா என்று சத்தியம் செய்தான். அவனும் பொய்யே சொன்னான் என்று எப்படிச் சொல்வது? அவனுக்கும் ஒரு நைனா இருந்திருப்பாரே.

அதற்குப் பிறகு நாம் அலையாத அலைச்சலா! உன் அப்பாவின் பிறப்புப் பதிவைத் தேடி எடுத்தோம். தகப்பன் பெயர் என்ற இடத்தில் நைனா. கோயில் வரிக் கணக்கில் பார்த்தோம். அதிலும் நைனா மகன். திரும்பி வரும் பஸ்சில் நீ சொன்னாய், "நம்ம பரம்பரையில ஒருத்தனுக்கும் பேரே வெக்கல போலகீதுமே." நான் சிரித்தேன், நீ சிரிக்கவில்லை. அந்த ஆடியிலேயே, களத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் எழுந்திருக்கவே இல்லை. இந்த அலைச்சல்தான் உன்னைக் கொன்றது என்று இன்றைக்கும் சொல்வேன்.

மனுவை என் பேரில் தொடர உன் இறப்புச் சான்றிதழை எடுத்துக்கொண்டு அதே ஆபீசுக்குப் போனேன். அதிகாரி அதையும் ரேஷன் கார்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். "செத்தது நைனான்னு ஒருத்தர். கார்டில் இருக்கிறவர் வேற ஆளு. அவர் இன்னும் சாகலையேம்மா, அவரையே வந்து கையெழுத்துப் போடச் சொல்லு." சட்டையைப் பிடித்து உலுக்கலாமா என்று வந்தது எனக்கு. அப்புறம், நிஜமாகவே நீ வந்து நின்றால் எப்படி இருக்கும் என்று நினைத்துவிட்டேன். அங்கேயே அழுதேன், நைனா.

நான் காரியத்துக்குச் சாமான் வாங்க ஆவடி போயிருந்த நேரத்தில் அம்மாதான் சாவைப் பதியப் போயிருக்கிறாள். வீட்டுக்கு வந்து அவளைப் பிடித்துக் கத்தினேன்.

"பேரு இன்னான்னு கேட்டாரு. கட்னவரு பேர எப்டிடி வாயால சொல்றது? எம் பொண்ணோட நைனான்னேன். எழுதிக்கினாரு" என்றாள்.

எழுதியவர் ஊருக்குப் புதிது, தெற்கத்திக்காரர். அவர் பக்கத்தில் நைனா என்று ஆளுக்குப் பேரே வைப்பார்களாம்.

அப்போதுதான் எனக்கு மண்டையில் அடித்தமாதிரி விளங்கியது. அந்தப் பழைய பதிவேடு எழுதிய அன்றைக்கும் இதேதான் நடந்திருக்கும். யாரோ வெளியூர்க்காரன் நிலத்தை அளந்துகொண்டு வந்து, இது யாருடையது என்று கேட்டிருப்பான். உன் பாட்டி புருஷன் பேரைச் சொல்லாமல், இடுப்பிலிருந்த பிள்ளையைக் காட்டி, இவன் நைனாது என்றிருப்பாள். அந்தப் பாவி அப்படியே எழுதிக்கொண்டு போய்விட்டான். இதற்கு அத்தாட்சி கேட்டால் நான் எங்கே போவேன்?

உன் பேரை மட்டுமாவது நேர்செய்யலாம், அம்மாவே விசாரணைக்கு வந்து சொல்லட்டும் என்றார்கள். "ஊடு போனா போவட்டும், நான் சொல்ல மாட்டேன்" என்றாள். கெஞ்சினேன், மிரட்டினேன், பட்டினி கிடந்தேன். கடைசியில் வந்தாள். வெறுங்கழுத்தைத் தடவிக்கொண்டாள். அப்புறம் தரையைப் பார்த்துச் சொன்னாள். "சபாபதி. சபாபதி செத்துட்டாரு."

வெளியே வந்ததும் படியில் உட்கார்ந்துவிட்டாள். "பேரச் சொன்னா ஆயுசு கொறையும்னு இத்தன வருசமா வாயக் கட்டிகினு கெடந்தேன். இனிமே கொறையறதுக்கு இன்னாடி கீது?" என்று கேட்டாள். அவள் உனக்காக வாய்விட்டு அழுதது அன்றுதான்.

அதுவும் வீண். உன் பேர் சரியாயிற்று, ஆனால் அந்த முதல் நைனாவின் பேரைச் சொல்ல இந்த உலகத்தில் ஒருவரும் இல்லை. மூதாதையர் யார் என்று நிரூபிக்கப்படவில்லை என்று எழுதி முடித்துவிட்டார்கள். வீட்டையும் கொடுத்து, அவள் அவ்வளவு நாள் காப்பாற்றியதையும் பிடுங்கிக்கொண்டேன் என்று அம்மாவுக்கு என்மேல் ஆத்திரம். இருக்காதா பின்னே?

உன்னிடமும் ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. அவள் பேரை நீ ஒரு நாளாவது சொன்னதுண்டா? "இன்னாமே", "இந்தாமே", இதைத் தவிர அவளை நீ வேறு எப்படியும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. நிலத்தை அளக்க வந்தவனிடம் பேச நின்ற அந்தப் பாட்டியின் பேரையும் யாரும் கேட்டு வைக்கவில்லை.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். அம்மாவின் முறை வரும்போது நான் எந்தச் சாமானும் வாங்கப் போகமாட்டேன். சாவைப் பதிகிற அந்த மேசை முன்னால் நானே போய் நிற்பேன். அவள் பேரையும் உன் பேரையும் எழுத்தெழுத்தாகச் சொல்லி, எழுதியதைத் திருப்பிப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் நகர்வேன்.

இப்படிக்கு,
சபாபதிக்கும் முனியம்மாளுக்கும் பிறந்த ஒரே மகள்,
தேவகி