அழகாக வாசிப்பவள்

நவம்பர் 3
அடுத்த வாரம் தந்தா நகரத்திலிருந்து கல்வி அதிகாரி வருகிறார். வகுப்பில் ஆசிரியை இன்ஸாஃப் அப்லா, "வாசிக்கிறது நுஸைபாதான். அந்தக் குரல் யாருக்கு இருக்கு?" என்று என்னைக் காட்டினார். மதரஸாவில் பழகிய ராகத்தில் எதைக் கொடுத்தாலும் தடங்கலில்லாமல் வாசித்துவிடுவேன். என்ன வாசித்தேன் என்பதுதான் தெரியாது. வீட்டில் பேசும் அரபு வேறு, புத்தக அரபு வேறு. அப்பா காபிக்கடையில் என் வாசிப்பைப் பற்றித்தான் பேசுகிறாராம்.

நவம்பர் 10
வாசித்தேன். அதிகாரி கண்ணை மூடிக் கேட்டார்.
"ரொம்ப நல்லாருக்கும்மா. அந்தப் படகுக்காரன் கடைசியில என்ன ஆனான்?"
"நல்லா இருக்கான் ஐயா."
மூழ்கிவிட்டானாம். நான் வாசித்த இரண்டு பக்கமும் அதைப் பற்றித்தானாம். வகுப்பே சிரித்தது. அப்லா சிரிக்கவில்லை.

நவம்பர் 11
அப்லா உத்தரவு: ஐந்தாம் வகுப்பில் படிக்கும் எனக்கு இந்த மாதம் முழுக்கக் காலை முதல் மணி மூன்றாம் வகுப்பில். கடைசியில் சோதனை. தேறாவிட்டால் அங்கேயேதான். அது தம்பி பக்ரின் வகுப்பு.
"எம் பக்கத்துல உக்காராத," என்றான். வீட்டில் சொல்லாமலிருக்க என் பங்கு பஸ்பூஸா இனிப்பு வேண்டுமாம். கொடுத்தேன். போர்வைக்குள் எழுதுகிறேன். அவன் தூங்குகிறானா, நடிக்கிறானா?

நவம்பர் 12
பொடிசுகளுக்குக் கதை வாசிக்கச் சொன்னார்கள். ராகம் போட்டேன். லுஜைன் என்று ஒருத்தி, முன்பல் கிடையாது.
"பாட்டு வேணாங்க்கா. கழுதை எதுக்கு அழுதுச்சு?"
பக்ர் என்னையே பார்த்தான்.
"நாளைக்குச் சொல்றேன்."

நவம்பர் 13
எட்டு முறை படித்தேன். கழுதை அடி வாங்கி அழவில்லை. விற்றவன் திரும்பிப் பார்க்காமல் போனான், அதனால். முந்தின வரியிலேயே இருக்கிறது. இத்தனை நாளும் அங்கேயேதான் இருந்திருக்கிறது.
சொன்னேன். "அவன் வீட்டுல வேற கழுதை இருக்கா?" என்கிறாள் லுஜைன். புத்தகத்தில் இல்லை. தேடிவிட்டேன்.

நவம்பர் 20
சோதனைக்கு இன்னும் எட்டு நாள். பயமா இருக்கு.

நவம்பர் 28
சோதனை. புதுக் கதை. மூன்று நாள் பட்டினி என்று ஒரு வியாபாரி நீதிபதியிடம் அழுகிறான். பாதியில் நின்றேன். மேல் வரிகளுக்குப் போனேன். திரும்ப வந்து, மறுபடி நின்றேன்.
"என்னடி இது? இருந்த வாசிப்பும் போச்சா?"
"இவன் பொய் சொல்றான் அப்லா. தாடியில கறி எண்ணெய் வழிஞ்சுதுன்னு மேல போட்டிருக்கே."
அப்லா புத்தகத்தை வாங்கி மேலே தேடினார். கொஞ்ச நேரம் ஆனது.
வெள்ளி, சனி விடுமுறை முடிந்து ஞாயிற்றுக்கிழமையிலிருந்து முதல் மணியும் ஐந்தாம் வகுப்புதான். பள்ளி விழாவில் நிற்காமல் வாசிக்க வேறு யாரையோ தேடுகிறார்கள்.